கோட்டையா, வெறும் கல்லா? வேல்ஸ் மலைகளில் கண்ணைப் பழக்குவது எப்படி

கேள்வி: கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். போன ஜூலையில் மனைவி, 9 வயது மகனோடு பிரெசெலி மலைகளில் உள்ள வோயல் ட்ரிகார்ன் என்ற இரும்புக்கால மலைக்கோட்டைக்குப் போனோம். மேலே மூன்று பெரிய கற்குவியல்கள் இருந்தன. மற்றபடி இடுப்பளவு செடிதான், கோட்டை எங்கே என்றே தெரியவில்லை. அடுத்து வடக்கே ட்ரேர் கெய்ரி என்ற இன்னொரு மலைக்கோட்டைக்குப் போக ஆசை. எதைப் பார்ப்பது, எப்படித் தயாராவது?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, ஜூலை மேல். நீங்கள் சொல்லும் செடி பிராக்கன் என்ற பெரணி. கோடையில் அது மண்மேடு, பள்ளம், வீட்டு அடித்தளம் எல்லாவற்றையும் போர்வை போட்டு மூடிவிடும். போதாக்குறைக்கு அதில் உண்ணி வேறு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை போய்ப் பாருங்கள். பெரணி பழுப்பாகி மடிந்து கிடக்கும், வெயில் சாய்வாக விழும். நண்பகலில் வெறும் புல்லாகத் தெரிந்த சரிவில் மூன்று மணி வாக்கில் பள்ளங்கள் கறுப்புக் கோடுகளாக எழும்பி வரும்.

கோட்டை என்றதும் நிமிர்ந்த மதிலைத் தேடியிருப்பீர்கள். அங்கே இருப்பது சரிந்து போன கல்வரிசை. அதைவிட முக்கியமானவை வீட்டு மேடைகள். வோயல் ட்ரிகார்னில் மட்டும் இருநூறுக்கு மேல். சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, ஓர் அறை அகலத்துக்குச் சமதளம் ஆக்கியிருப்பார்கள். அதன் மேல் வட்டக் குடிசை. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் நின்று பார்த்தால் படி மாதிரி தெரியும். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடமே யாரோ ஒருவரின் வீடாக இருந்திருக்கும்.

அந்த மூன்று கற்குவியல்கள் கோட்டையின் பகுதி அல்ல. ட்ரிகார்ன் என்றால் மூன்று கற்குவைகள். அவை வெண்கலக்காலத்து ஈமக் குவைகள், கோட்டையைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை. பின்னால் வந்தவர்களுக்கு மதில் கட்டக் கல் வேண்டியிருந்தது, கையெட்டும் தூரத்தில் மலையளவு கல் கிடந்தது, ஆனாலும் தொடவில்லை. பக்தியா பயமா, தெரியாது. இரண்டும் கலந்தது என்பது என் ஊகம்.

சரி, எது பழசு என்று எப்படிச் சொல்வது? முதலில் வரைபடம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில், 1:25,000 அளவில் வாங்குங்கள். அதில் 'கெய்ர்ன்', அதாவது கற்குவை, என்ற ஒரே சொல் இரண்டு விதமாக அச்சாகியிருக்கும். சாதாரண எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் நடைப்பயணிகள் வழிக்காகக் குவித்தது. பழைய பைபிளில் வருகிற மாதிரி கொக்கி போட்ட கோத்திக் எழுத்தில் இருந்தால் தொல்சின்னம். கிளம்புவதற்கு முன் வேல்ஸ் தொல்சின்னங்களின் இணையப் பட்டியலான கோவ்லைனில் இடத்தின் பெயரைத் தேடினால் விவரமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்புறம் கல்லையே பாருங்கள். நெடுங்காலம் அசையாத கல்லில் வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பலும் மஞ்சளுமாகப் பாறைப்பாசி படர்ந்திருக்கும், அடி புல்லுக்குள் புதைந்திருக்கும். பாசி அடிப்பக்கம் இருந்து, மேல்பக்கம் வெளிறிக் கிடந்தால் அதை அண்மையில் யாரோ புரட்டியிருக்கிறார்கள். உச்சிகளில் நடைப்பயணிகள் நாலாயிரம் வருடக் குவையின் நடுவைத் தோண்டி, காற்றுக்கு ஒதுங்கக் குதிரைலாட வடிவில் சுவர் வைத்திருப்பார்கள். பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதனால்தான் சொல்கிறேன், நல்ல எண்ணத்தில்கூட ஒரு கல்லை எடுக்கவோ வைக்கவோ வேண்டாம். பதிவு பெற்ற தொல்சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம். அனுமதி இல்லாமல் அங்கே உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம். இதைக் கவனிக்கும் அரசுத்துறையின் பெயர் காடு. உச்சரிப்பு நம் காடு போலவேதான். வெல்ஷில் 'காப்பது' என்று பொருள்.

ட்ரேர் கெய்ரி லின் தீபகற்பத்தில், கடலைப் பார்த்தபடி சுமார் 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஏமாற்றம் இருக்காது. மதில் சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கிறது, உள்ளே சுமார் 150 கல்வீடுகளின் சுவர்கள். ரோமர் காலத்திலும் ஆட்கள் வாழ்ந்த ஊர் இது. வட்ட வீடுகளுக்கிடையே, பின்னாளில் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்த சின்ன அறைகளைப் பையனைத் தேடச் சொல்லுங்கள், நல்ல விளையாட்டு. உச்சிப் பக்கம் ஒரு வெண்கலக்காலக் குவையும் உண்டு. மதில் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள். காரை இல்லாமல் அடுக்கிய கல், காலுக்கும் ஆபத்து, மதிலுக்கும் ஆபத்து.

ஆனால் கார்டிஃபிலிருந்து அது நான்கு மணி நேரத்துக்கு மேல், ஒரே நாளில் போய்வர முடியாது. அதற்கு முன்னால் லாங்கடாக் பக்கத்தில் உள்ள கார்ன் கோக்கைப் பாருங்கள் என்பேன். 11 ஹெக்டேர் பரப்பு, வேல்ஸின் மிகப் பெரிய மலைக்கோட்டைகளில் ஒன்று. ஏற்றம் குறைவு, சரிந்த மதிலின் கல்வெள்ளத்தைப் பார்த்தாலே கோட்டை என்று புரியும். உள்ளே ஒரு பழைய கற்குவையும் கிடக்கிறது. கண் பழக இதைவிட நல்ல இடம் தெற்கில் எனக்குத் தெரிந்து இல்லை.

தயாரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ், மழைச்சட்டை, குளிருக்குக் கூடுதலாக ஓர் உடுப்பு, நெற்றி டார்ச், விசில். கைபேசியில் வரைபடம் இருந்தாலும் காகித வரைபடமும் காம்பஸும் வேண்டும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பளபளவென்று பச்சையாக இருக்கும் புல்லில் கால் வைக்காதீர்கள். ஒருமுறை அப்படி வைத்து முழங்கால் வரை சதுப்பில் இறங்கினேன், பூட்ஸைக் கையால் தோண்டித்தான் எடுத்தேன். ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையா? நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

பிப்ரவரி கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சிறுவனோடு போகிறீர்கள், மதியம் இரண்டுக்குள் உச்சி வரவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.