லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல கிரெடென்ஷியல் இல்லைங்குது: கீயை கோடுல எழுதிடலாமா?

கேள்வி: அமேசானோட கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ல, ஃபைல் சேமிக்கற எஸ்3-ல ஃபைல் ஏத்துற பைத்தான் ஸ்கிரிப்ட் என் லேப்டாப்ல நல்லா ஓடுது சார். அதையே ஈசி2-ங்கற அவங்க வாடகை சர்வர்ல போட்டா ‘அனேபிள் டு லொகேட் கிரெடென்ஷியல்ஸ்’னு நின்னுடுது. செட்டப் பண்ணிக் கொடுத்த ஃப்ரீலான்சர், ஆக்சஸ் கீயை (அக்கவுன்ட்டுக்குள்ள நுழைய ஸ்கிரிப்ட் காட்டற பாஸ்வேர்ட் மாதிரி) கோடுக்குள்ளயே எழுதிடுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கங்கறார். எழுதலாமா?

பதில்: எழுதாதீங்க. உங்க கோடுல தப்பே இல்ல, அதைத் தொடவே வேணாம்.

எஸ்டிகே, அதாவது உங்க ஸ்கிரிப்ட் ஏடபிள்யூஎஸ்கிட்ட பேசப் பயன்படுத்தற லைப்ரரி, கீயை ஒரு வரிசைல தேடும். முதல்ல கோடுக்குள்ள, அப்புறம் என்வைரன்மென்ட் வேரியபிள், அப்புறம் ஹோம் ஃபோல்டர்ல இருக்கற கிரெடென்ஷியல்ஸ் ஃபைல், கடைசியா மெஷினுக்கு மாட்டின ரோல், அதாவது கீ எழுதி வெக்காமலே மெஷினுக்கு அனுமதி கொடுக்கற அடையாளம். லேப்டாப்ல எப்பவோ ‘ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர்’ அடிச்சிருப்பீங்க, கீ அந்த ஃபைல்ல போய் உக்காந்திருக்கு, அதான் ஓடுது. சர்வர்ல ஃபைலும் இல்ல, ரோலும் இல்ல. இந்த எரர் எங்கெல்லாம் தேடினேன்னு ஒரு வரி சொன்னா எத்தனை பேருக்கு ராத்திரித் தூக்கம் மிச்சம், ஆனா லாக்கை டீபக்ல வெச்சாதான் சொல்லுது. வருஷக்கணக்கா இதே கதைதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐஏஎம்ல (யாருக்கு என்ன அனுமதின்னு வெக்கற ஏடபிள்யூஎஸ் பகுதி) ஈசி2-க்குன்னு ஒரு ரோல் போடுங்க, எஸ்3-ல ஃபைல் போய் சேர்ற உங்க ஒரு பக்கெட்ல ஃபைல் ஏத்துற பர்மிஷன் மட்டும் கொடுங்க, மெஷின்ல மாட்டுங்க. ஓடிக்கிட்டிருக்கற மெஷின்லயே மாட்டலாம். கொஞ்ச நேரம் மட்டும் செல்லுபடியாகற கீயை எஸ்டிகேவே வாங்கிக்கும், காலாவதி ஆகறதுக்கு முன்னாடி அதுவே புதுப்பிச்சுக்கும். மாட்டினதும் சர்வர்ல ‘ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி’ அடிச்சுப் பாருங்க, பதில்ல ‘அஸ்யூம்டு ரோல்’னும் உங்க ரோல் பேரும் வரணும். வேற யாரோ யூசர் பேர் வந்தா பழைய கீ ஒண்ணு என்வைரன்மென்ட்லயோ ஃபைல்லயோ ஒட்டிக்கிட்டு இருக்கு, வரிசைல அது முன்னாடி நிக்கறதால ரோல் பக்கமே எஸ்டிகே போகாது.

இப்ப அந்த ஃப்ரீலான்சர் விஷயம். ‘எல்லாரும் அப்படித்தான்’னு சொல்றவங்களை நான் நிறையப் பாத்துட்டேன், அவங்களுக்கு வேலை அன்னிக்கு முடியணும், பில் வர்றது உங்களுக்கு. நான் பாத்த ஒரு இடத்துல கீயோட கோடு, யார் வேணாலும் பாக்கக்கூடிய பப்ளிக் ரிப்போக்குப் போயிடுச்சு, பதறி அடுத்த கமிட்ல அழிச்சாங்க, ஆனா பழைய மாற்றமெல்லாம் பதிவாகற கிட் ஹிஸ்டரில அது அப்படியே இருந்தது. கீயோட ஐடி ஏகேஐஏன்னு ஆரம்பிக்கற 20 எழுத்து, அதைத் தேடறதுக்குன்னே பாட் வெச்சிருக்காங்க. யாரோ அந்தக் கீயை வெச்சு அவங்க அக்கவுன்ட்ல பெரிய பெரிய மெஷினா ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அதனால இன்னிக்கே, எல்லா அதிகாரமும் இருக்கற ரூட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி அங்க ஆக்சஸ் கீ இருக்கான்னு பாருங்க. அப்படி ஒண்ணு இருக்கவே கூடாது. ரூட்டோட மெயில் ஐடி உங்களோடதா, செட்டப் பண்ணவரோடதான்னும் பாருங்க, அவரோடதுன்னா அக்கவுன்ட் உங்க கையில இல்லன்னு அர்த்தம், முதல்ல அதை மாத்துங்க.

ஸ்கிரிப்டை டாக்கர் கன்டெய்னருக்குள்ள (மெஷினுக்குள்ளயே தனியா அடைச்சு ஓட்டற பெட்டி மாதிரி) ஓட்டறீங்கன்னா இன்னும் ஒரு இடத்துல முட்டும், இதுல நானே முழுசா ஒரு நாள் தொலைச்சிருக்கேன். ரோல் சரியா இருக்கும், மெஷின்ல நேரா அடிச்சா வேலை செய்யும், கன்டெய்னருக்குள்ள மட்டும் அதே பழைய எரர். ரோலோட கீயை எஸ்டிகே 169.254.169.254-ங்கற உள் முகவரில இருந்து வாங்குது, அங்க இருந்து வர்ற பதில் எத்தனை தாவல் தாண்டலாம்னு ஹாப் லிமிட்னு ஒண்ணு இருக்கு, அது பல மெஷின்ல 1. கன்டெய்னர் ஒரு நெட்வொர்க் தள்ளி உள்ள இருக்கறதால பதில் வாசல்லயே நின்னுடும். மெஷினோட மெட்டாடேட்டா ஆப்ஷன்ஸ்ல அதை 2 ஆக்குங்க, போதும். இதையும் எரர்ல சொல்ல மாட்டாங்க, ரோல் தப்போன்னு பர்மிஷனை அட்மின் வரைக்கும் ஏத்திக்கிட்டே போவோம், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

அவர் ஏற்கனவே எங்கயாவது எழுதின கீயை உடனே டெலீட் பண்ணாதீங்க, ரோல் வேலை செய்யுதுன்னு உறுதியானதும் முதல்ல டிஆக்டிவேட் பண்ணுங்க. ‘லாஸ்ட் யூஸ்ட்’ தேதியைப் பாத்துக்கிட்டு ரெண்டு வாரம் விடுங்க, எதுவும் உடையலன்னா டெலீட். ஆனா அது பப்ளிக் ரிப்போக்குப் போயிருந்தா காத்திருக்கவே வேணாம், எது நின்னாலும் பரவால்ல, இந்த நிமிஷமே டிஆக்டிவேட் பண்ணுங்க.