கான்டெமிரோவ்ஸ்கயா டாங்கி டிவிஷன்: வாசகர் கேள்வி – பதில்

ரஷ்ய ராணுவத்தின் 4வது கார்ட்ஸ் கான்டெமிரோவ்ஸ்கயா டாங்கி டிவிஷன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

‘கார்ட்ஸ்’ என்றால் மாளிகைக் காவல் படையா? ‘கான்டெமிரோவ்ஸ்கயா’ எந்தத் தளபதியின் பெயர்?
– திருச்சி வாசகர்

மாளிகைக் காவலும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. சோவியத் ராணுவத்தில் ‘கார்ட்ஸ்’ என்பது சண்டையில் சாதித்த படைக்குக் கொடுத்த பட்டம். 1941 செப்டம்பரில் யெல்னியா சண்டைக்குப் பிறகு நான்கு காலாட்படை டிவிஷன்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. வெறும் மரியாதையோடு நிற்கவில்லை. கார்ட்ஸ் படையில் அதிகாரிகளுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், சிப்பாய்களுக்கு இரு மடங்கு.

கான்டெமிரோவ்கா, வரோனிஷ் மாகாணத்தின் தெற்கில் இருக்கும் ஒரு ரயில்வே ஊர். 1942 டிசம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை முற்றுகையில் சிக்கியிருந்தது. அதே சமயம் டான் நதிக்கரையில் இத்தாலியின் 8வது ராணுவம் காத்து நின்ற பகுதியை உடைக்க சோவியத் தரப்பு ‘சிறிய சனி’ என்ற தாக்குதலை 16ஆம் தேதி தொடங்கியது. உடைந்த இடைவெளிக்குள் 17, 18, 24, 25 என நான்கு டாங்கி கோர்கள் புகுந்தன (பல பிரிகேடுகள் சேர்ந்த படைதான் கோர்). பாவெல் போலுபோயாரோவ் தலைமையிலான 17வது கோர் 19ஆம் தேதி கான்டெமிரோவ்காவைப் பிடித்தது. வரோனிஷ்–ரஸ்தோவ் ரயில் பாதை அங்கே துண்டானது. இத்தாலியர்களுக்கு உணவும் குண்டும் வந்துசேர்ந்த கிடங்கும் அந்த ஊர்தான். தாத்சின்ஸ்கயா விமானதளத்தில் புகுந்து விமானங்களை நசுக்கிய 24வது கோரின் கதையையே எல்லோரும் சொல்வார்கள். ரயில் பாதையை அறுத்த வேலை அதற்குக் குறைந்ததல்ல.

1943 ஜனவரி 2 அன்று 17வது கோர், 4வது கார்ட்ஸ் டாங்கி கோர் ஆனது. எண் மாறியதற்குக் காரணம், கார்ட்ஸ் படைகளுக்குத் தனி வரிசை உண்டு என்பதே. ஊரின் பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. போர் முடிந்த 1945இல் டாங்கி கோர்கள் எல்லாம் டிவிஷன்களாகவும், அவற்றின் பிரிகேடுகள் ரெஜிமென்ட்களாகவும் மாற்றப்பட்டன. கோரில் இருந்த 12, 13 என்ற டாங்கி பிரிகேடுகளின் எண்களை இன்றைய ரெஜிமென்ட்கள் அப்படியே வைத்திருக்கின்றன. அவற்றின் பட்டப்பெயர் ‘ஷெப்பெத்தோவ்ஸ்கி’. மோட்டார் ரைஃபிள், அதாவது கவச வண்டியில் போகும் காலாட்படை ரெஜிமென்ட்டின் பட்டம் ‘யாம்போல்ஸ்கி’. ஷெப்பெத்திவ்கா, யாம்பில் இரண்டும் இன்று உக்ரைனில் இருக்கும் ஊர்கள்.

டிவிஷன் பெயரில் ஆந்த்ரோபோவ் எப்படி வந்தார்? அவர் கேஜிபி தலைவர் அல்லவா?
– ஈரோடு வாசகர்

கேஜிபிக்குப் பிறகு சோவியத் நாட்டுத் தலைவராகவும் இருந்தவர். 1984இல் அவர் இறந்தபின் சூட்டியது. டிவிஷனின் சண்டை வரலாற்றோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பக்கத்துப் படையான தமான்ஸ்கயா டிவிஷனுக்கும் இப்படித்தான் சோவியத் அரசியல் தலைவர் கலீனினின் பெயர்.

ஒரு டாங்கி டிவிஷனில் எத்தனை டாங்கிகள்? ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு எண் வருகிறதே?
– மதுரை வாசகர்

கீழிருந்து கூட்டிப் பாருங்கள், குழப்பம் தீரும். டாங்கி ரெஜிமென்ட்டில் ஒரு பிளட்டூனுக்கு 3 டாங்கி. மூன்று பிளட்டூனும் கம்பெனித் தலைவரின் ஒரு டாங்கியும் சேர்ந்தால் 10. மூன்று கம்பெனியும் பட்டாலியன் தலைவரின் ஒன்றும் சேர்ந்தால் 31. மூன்று பட்டாலியனும் ரெஜிமென்ட் தலைவரின் ஒன்றுமாக 94. தானே குண்டு நிரப்பும் இயந்திரம் இருப்பதால் ஒரு டாங்கிக்கு மூன்றே பேர்: தலைவர், சுடுபவர், ஓட்டுநர். ஆக, 94 டாங்கி உள்ள ரெஜிமென்ட்டில் டாங்கிக்குள் உட்காருபவர்கள் 282 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் எரிபொருள், குண்டு, பழுதுபார்ப்பு, தகவல்தொடர்பு, சமையல்.

சோவியத் காலத்து டாங்கி டிவிஷனில் மூன்று டாங்கி ரெஜிமென்ட், ஒரு மோட்டார் ரைஃபிள் ரெஜிமென்ட். மோட்டார் ரைஃபிளிலும் ஒரு டாங்கி பட்டாலியன் உண்டு என்பதால் மொத்தம் 300ஐத் தாண்டும். 2013இல் மீண்டும் எழுந்த கான்டெமிரோவ்ஸ்கயாவிலோ 12, 13 என இரண்டே டாங்கி ரெஜிமென்ட், அதாவது 188. அதோடு 423வது மோட்டார் ரைஃபிள் ரெஜிமென்ட்டின் டாங்கிகள். பெயர் அதே பெயர், உருவம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தாமே ஓடும் பீரங்கிகளுக்கு 275வது ரெஜிமென்ட், வேவுக்கு 137வது பட்டாலியன், அவற்றோடு விமான எதிர்ப்பு, பொறியியல், தகவல்தொடர்பு, மருத்துவப் பிரிவுகள்.

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: 1942 நடுவில் ஒரு முழு டாங்கி கோருக்கு அனுமதித்த அளவே 7,800 பேர், 168 டாங்கிகள். அதில் 98தான் டி-34. மீதி 70 லேசான டாங்கி. அன்றைய ‘கோர்’ இன்றைய டிவிஷனை விடச் சின்னது. பழைய போர்க் கதைகளைப் படிக்கும்போது இதை மறந்தால் கணக்கு எல்லாம் தப்பாகிவிடும்.

எல்ட்சின் ஏறி நின்று பேசிய டாங்கி இந்த டிவிஷனுடையதா? பிறகு அதே கட்டடத்தைச் சுட்டதும் இவர்கள்தானா?
– சென்னை வாசகர்

முதலாவது இல்லை, இரண்டாவது ஆம். 1991 ஆகஸ்ட் 19 காலை, கோர்பச்சோவை ஒதுக்க முயன்ற குழு தமான்ஸ்கயா, கான்டெமிரோவ்ஸ்கயா இரண்டையுமே மாஸ்கோவுக்குள் வரவழைத்தது. கான்டெமிரோவ்ஸ்கயாவின் முகாம் நரோ-ஃபோமின்ஸ்க், தலைநகரிலிருந்து தென்மேற்கே சுமார் 70 கி.மீ. சாலையில் அரை நாள் வேலை. ‘அரசவை டிவிஷன்கள்’ என்று இந்த இரண்டையும் கிண்டலாகச் சொல்வதற்கு அந்தத் தூரம்தான் காரணம். ரஷ்யத் தலைவர் எல்ட்சின் வெள்ளைக் கட்டடத்தின் முன் ஏறியது தமான்ஸ்கயாவின் டி-72.

1993 அக்டோபர் 4 அன்று, எல்ட்சினோடு மோதிய நாடாளுமன்றத்தின் அதே வெள்ளைக் கட்டடத்தைச் சுட்டவை கான்டெமிரோவ்ஸ்கயாவின் டி-80யூடி டாங்கிகள். நோவி அர்பாத் பாலத்தில் நின்று மேல் மாடிகளைக் குறிவைத்தன. டாங்கிகளுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். ஓட்டுவதற்கும் சுடுவதற்கும் லெப்டினென்டும் கேப்டனும் இறங்க வேண்டியிருந்தது என்றால், அன்றைக்கு டிவிஷன் எந்த நிலையில் இருந்தது என்று யூகித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டே இன்னொரு அடி. ரஷ்யாவிலிருந்து பிரிய முயன்ற செச்சென்யாவின் தலைவர் துதாயேவுக்கு எதிரான செச்சென் குழுக்கள் 1994 நவம்பர் 26 அன்று அதன் தலைநகர் குரோஸ்னியைத் தாக்கின. அவர்களின் டாங்கிகளை ஓட்ட, டிவிஷனின் ஆட்களை உளவுத்துறை பணம் பேசி ரகசியமாக அழைத்துப் போயிருந்தது. தாக்குதல் தோற்றது, பலர் பிடிபட்டார்கள். ராணுவ அமைச்சர் கிராச்சோவ் ‘எங்கள் ஆட்களே இல்லை’ என்று கைகழுவினார். தன்னைக் கேட்காமல் தன் ஆட்களை எடுத்ததைப் பொறுக்க முடியாமல் டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் போரிஸ் பொல்யாகோவ் பதவியை விட்டார். ரஷ்ய ராணுவத்தில் அடிக்கடி காணக்கூடிய செயல் அல்ல அது.

டி-80 டாங்கியில் விமான எஞ்சின் மாதிரி டர்பைன் இருக்கிறதாமே. நல்லதுதானா?
– ஆவடி வாசகர்

எல்லா டி-80யிலும் டர்பைன் இல்லை. சற்று முன் சொன்ன டி-80யூடியில் இருப்பது உக்ரைனின் கார்கிவ் நகரில் செய்த 1,000 குதிரைசக்தி டீசல். சோவியத் யூனியன் உடைந்ததும் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது, உதிரிப்பாகம் நின்றது. அதனால் டிவிஷனுக்கு ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரில் தயாரான டி-80யூ கொடுக்கப்பட்டது. அதில் 1,250 குதிரைசக்தி டர்பைன், எடை 46 டன்.

டர்பைனின் சிறப்பு குளிரில் தெரியும். உறைபனியில் டீசல் எஞ்சினை நெடுநேரம் சூடேற்றியாக வேண்டும். டர்பைன் சில நிமிடங்களில் கிளம்பிவிடும். நின்ற இடத்திலிருந்து பாய்வதிலும் கெட்டி. ஆனால் பசி அதிகம். அதிலும் மோசம், டாங்கி நின்றுகொண்டு ரேடியோவுக்கும் குறிபார்க்கும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டால், நகராமலேயே தொட்டி வற்றும். அதற்காகவே டி-80யூவில் 18 கிலோவாட் துணை ஜெனரேட்டர் வைத்தார்கள். அது பழுதாகிக் கிடந்தாலோ, ஆட்களுக்கு அதைப் பயன்படுத்தும் பழக்கம் இல்லாவிட்டாலோ, எரிபொருள் லாரிகளின் கணக்கு முழுதும் புரண்டுவிடும். லாரி எட்டாத இடத்தில் நின்ற டி-80, பழுதே இல்லாமல் கைவிடப்படும்.

இன்னொரு பலவீனம் குண்டு அடுக்கு. பீரங்கிக்குத் தானே குண்டு ஊட்டும் சுழல் தட்டில் டி-80க்கு 28 குண்டு, டி-72க்கு 22. ஆறு கூடுதல், ஆனால் டி-80யில் வெடிமருந்துப் பகுதி வளையத்தைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கிறது. டி-72இல் தரையோடு படுத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து துளைத்து வரும் எதுவும் நிற்கும் மருந்தைத் தொட வாய்ப்பு அதிகம்.

ஆவடிக்காரர் கேட்டதால் ஒன்று சேர்க்கலாம். அதே டி-80யூடியை 320 எண்ணிக்கையில் 1990களின் பிற்பாதியில் உக்ரைன் பாகிஸ்தானுக்கு விற்றது. அதற்குப் பதிலாகத்தான் இந்தியா 2001இல் 310 டி-90 வாங்க ஒப்பந்தம் போட்டது. 124 முழுதாக வந்தன, 186 உதிரியாக வந்து உங்கள் ஊர் கனரக வாகனத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டன. டி-90க்கு டீசல் எஞ்சின், டி-72 வகை அடுக்கு.

2009இல் கலைத்த டிவிஷனை 2013இல் ஏன் திரும்ப உருவாக்கினார்கள்?
– யாழ்ப்பாண வாசகர்

2008 ஜார்ஜியா போரில் வென்றபோதும் ரஷ்யத் தலைமைக்கு உதறல் எடுத்தது. பெரும்பாலான டிவிஷன்கள் காகிதத்தில்தான் இருந்தன: கிடங்கு நிறைய டாங்கி, சில அதிகாரிகள், போர் வந்தால் வீட்டிலிருந்து கூப்பிட வேண்டிய சிப்பாய்கள். உடனே புறப்படக்கூடியவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அமைச்சர் செர்தியுகோவ் ரெஜிமென்ட், டிவிஷன் என்ற படிகளை நீக்கி, முழு ஆளோடு இருக்கும் பிரிகேடுகளை வைத்தார். 2009 முடிவதற்குள் 85 பிரிகேடுகள். கான்டெமிரோவ்ஸ்கயாவும் 4வது தனி டாங்கி பிரிகேட் ஆனது. தரைப்படையில் பழைய உருவில் மிஞ்சியது குரில் தீவுகளின் 18வது டிவிஷன் மட்டும்.

2012 நவம்பரில் ஷோய்கு ராணுவ அமைச்சரானதும் காற்று திசைமாறியது. 2013 மே 9 அணிவகுப்பில் தமான்ஸ்கயாவும் கான்டெமிரோவ்ஸ்கயாவும் டிவிஷனாகவே நடந்தன. முதலில் பெருமைக்காகத்தான் என்பது என் கணிப்பு. உக்ரைனோடு மோதல் தொடங்கிய 2014க்குப் பின் காரணம் உண்மையானது: பிரிகேடுக்குத் தன் பீரங்கியும் கிடங்கும் சில நாட்களுக்குத்தான் தாங்கும்; நீண்ட போர்முனையைப் பிடித்து வைக்க, ரெஜிமென்ட்களை மாற்றி மாற்றி அனுப்ப டிவிஷன் வேண்டும். 2014இல் 1வது கார்ட்ஸ் டாங்கி ராணுவத்தை மீண்டும் அமைத்து இரண்டு டிவிஷன்களையும் அதன் கீழ் வைத்தார்கள். 2016இல் 3, 144, 150 என மேலும் மூன்று டிவிஷன்கள் வந்தன. எல்லாம் உக்ரைன், பெலாரஸ் எல்லைப் பக்கம்.

இவ்வளவு புகழ் பெற்ற டிவிஷன் 2022 உக்ரைன் போரில் ஏன் திணறியது?
– கோவை வாசகர்

டாங்கி குறைவால் இல்லை, கூட நடக்க ஆள் இல்லாததால். கட்டாய ராணுவ சேவைக்கு வரும் இளைஞர்களின் காலம் ஒரே ஆண்டு. அவர்களை வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்பது அறிவித்த கொள்கை. எனவே ரெஜிமென்ட்டின் மூன்று பட்டாலியனில் ஒப்பந்தச் சிப்பாய்கள் உள்ள இரண்டைக் கொண்டு பட்டாலியன் போர்க்குழுக்களை அமைத்தார்கள். ஒரு குழுவில் 600 முதல் 800 பேர், சுமார் பத்து டாங்கி. டாங்கி, பீரங்கி, லாரி எல்லாவற்றுக்கும் ஆள் போட்டபின் தரையில் இறங்கித் துப்பாக்கியோடு நடக்கக்கூடியவர்கள் அதிகம் போனால் இருநூறு. காலாட்களை ஏற்றிச் செல்லும் பிஎம்பி-2 கவச வண்டியில் ஓட்டும் குழு மூவர், இறங்கும் காலாட்கள் ஏழு. இந்த ஏழில் மூன்றோ நான்கோதான் வந்திருந்தால், காட்டோரச் சாலையில் டாங்கியை நெருங்கும் ஏவுகணைக்காரனை யார் விரட்டுவது?

டிவிஷனின் பகுதிகள் வடகிழக்கு உக்ரைனின் சுமி மாகாணத்து டிரோஸ்டியானெட்ஸ் ஊரில் ஒரு மாதம் இருந்தன. எல்லைக்குப் பக்கத்து ஊர்தான். அப்படியும் 2022 மார்ச் 26 அன்று உக்ரைனின் 93வது பிரிகேட் ஊரை மீட்டபோது உடைந்த பீரங்கிகளும் கைவிட்ட டாங்கிகளும் கிடந்தன. செப்டம்பரில் கிழக்கு உக்ரைனின் இஸியும் பக்கம் ரஷ்ய முன்னணி சரிந்தபோது இரண்டாவது பெரிய இழப்பு. டி-80யூ புதிதாகத் தயாராவதில்லை என்பதால், கிடங்கிலிருந்து எடுத்து ஓம்ஸ்கில் புதுப்பித்த டி-80பிவிஎம் இடத்தை நிரப்பியது. 2024இல் மேற்கு ராணுவ மாவட்டத்தை மாஸ்கோ, லெனின்கிராட் எனப் பிரித்தபோது டிவிஷன் மாஸ்கோ மாவட்டத்தின் கீழ் வந்தது.