கொரில்லாக்களைப் பார்க்க ஏன் ஒரு மணி நேரம் மட்டும்?
உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைத் தேடிப் போகும் நடைப்பயணம்தான் கொரில்லா டிரெக்கிங். சேற்றுச் சரிவில் மணிக்கணக்கில் ஏறினாலும், கண்ட பிறகு ஒரு மணி நேரம்தான். ஒரு குழுவில் 8 பேர்தான்.

காரணம் நம் மூச்சு. அவற்றின் மரபணு நம்முடையதோடு சுமார் 98 சதவீதம் ஒத்துப்போகிறது. நமக்குச் சாதாரணமான சளி அவற்றின் நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கலாம். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இருமலோடு போவோமா? அப்படித்தான். லேசாகத் தொண்டை கரகரத்தாலும், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, தயவுசெய்து போகாதீர்கள்.

முதுகு வெளுத்த பெரிய ஆண் கொரில்லா, செடித்தண்டைப் பல்லால் உரித்துத் தின்றபடி நம்மைச் சட்டையே செய்யாது. அதைப் பார்த்துப் பலர் வளர்ப்பு விலங்கு என்று நினைக்கிறார்கள். இல்லை, ஆட்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் போய், மனிதரைக் கண்டு மிரளாதபடி பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் தீனி போடுவதில்லை; முழுக்கக் காட்டு விலங்குதான்.