மறு: ராஸில் ஒரு பிரதி போதும், பி53இல் ஏன் இரண்டு?

தம்பி, புற்றுநோய் உருவாக ராஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், பி53இல் மட்டும் ஏன் இரண்டும் கெட வேண்டும் என்று கேட்டீர்கள். ராஸ் செல் பிரிவைத் தூண்டும் புரதம், பி53 அதைத் தடுக்கும் புரதம். இரண்டையும் 'மரபணுவைப் படியெடுக்க வைக்கும் புரதம்' என்று எழுதியிருக்கிறீர்கள் (படியெடுத்தல் என்றால் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாக்குவது). குழப்பமே அங்கேதான்.

ராஸ் டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. செல் சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை 'செல்லே, பிரி' என்று சிக்னல் அனுப்பும். பிறகு அதை உடைத்துவிட்டு ஓயும். 12ஆவது அமினோ அமிலமான கிளைசின் மாறிவிட்டால் உடைக்க முடியாது. ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாகச் சிக்னல் உட்கருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே செல் பிரிவைத் தூண்டும் மிக், சைக்ளின் டி மரபணுக்கள் படியெடுக்கப்படும். இன்னொரு பிரதி நன்றாக இருந்து என்ன பயன்? கெட்டதை அதனால் நிறுத்த முடியாதே.

டிஎன்ஏவில் நேரடியாகப் பிணைவது பி53தான். (1979இல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் நம் சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்திலேயே ஆய்வுக்கூடம் நடத்தியவர்.) டிஎன்ஏ சேதமடைந்தால் பி21 என்ற மரபணுவைப் படியெடுக்க வைக்கும். பி21 புரதம், செல் பிரிவை முன்னே தள்ளும் சிடிகே நொதியைத் தடுக்கும். அதனால் ஆர்பி என்ற தடுப்புப் புரதம், பிரிவுக்கான மரபணுக்களை இயக்கும் இ2எஃபை விடாது. செல், டிஎன்ஏவை நகலெடுப்பதற்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே நின்றுவிடும். ஒரு பிரதி போனாலும் மற்றது இதைச் செய்யும், அதனால்தான் இரண்டும் கெட வேண்டும்.

ஆனால் பி53 புரதங்கள் நான்கு நான்காகச் சேர்ந்தே இயங்கும், அதனால் சில பிறழ்வுகளில் கெட்ட புரதம் நல்லதையும் முடக்கிவிடும். ஏ லெவல் தேர்வுத் தாளில் முதலில் 'இரண்டு பிரதியும்' என்று எழுதுங்கள். இந்த விதிவிலக்கை ஒரு வரியில் சேர்த்தால் போதும்.