வேலையில் கெட்டி, வாயில் முள்

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் கூட்டங்களில் மற்றவர்களை மட்டம் தட்டுகிறார். என்ன செய்வது?

பதில்: ‘உங்கள் போக்கு சரியில்லை’ என்று தொடங்காதீர்கள், வாக்குவாதத்தில்தான் முடியும். 2 வாரம் குறித்து வையுங்கள்: தேதி, சொன்ன வார்த்தை, அதனால் பாதிக்கப்பட்ட வேலை. பிறகு தனியறையில் 20 நிமிடம் பேசுங்கள். இரண்டு சம்பவங்கள் போதும். பத்தை அடுக்கினால், அவற்றில் வலுவில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் தட்டிவிடுவார். அவர் தரப்பையும் கேளுங்கள். சில சமயம் வேலைப்பளுதான் காரணம். ‘அடுத்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது’ என்பதுபோல் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் கேட்டு, அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். 30 நாள், வாரம் ஒருமுறை பேசிப் பாருங்கள். அசையவில்லையா? மனிதவளத் துறை மூலம் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. எல்லோருக்கும் பொதுச் சுற்றறிக்கை மட்டும் வேண்டாம்; அவரைத் தவிர மற்ற அனைவரும் தமக்கென்று நினைத்துக்கொள்வார்கள்!