குப்பிக்குள் உயிர் இருக்கிறதா?

கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல், வயிற்றுக்கு நல்லது என்று உயிருள்ள கிருமிகளை மாத்திரையாகவும் பானமாகவும் விற்கிறார்களே, அந்த புரோபயாடிக் பற்றியவை.

கேள்வி: குடும்பத்தோடு ரயிலில் காசிக்குப் போகிறோம். வயிறு கெடாமல் இருக்க ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பிடச் சொல்லி, மருந்துக் கடைக்காரர் ஆறு அட்டை புரோபயாடிக் கொடுத்தார். 1,500 ரூபாய். தேவைதானா? (வாசகி, அடையாறு)

பதில்: அவருக்குத் தேவைதான். உங்களுக்குத் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று சர்வதேசப் பயண மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு 2017-இல் எழுதியது. ஆன்டிபயாடிக் சாப்பிடுவதால் வரும் பேதிக்குச் சில வகைகள் உதவுகின்றன. அது வேறு சங்கதி. பிரிக்காத அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேதியில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து வாங்கிப் பையில் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்க வேண்டும். காகிதப் பெட்டியில் சர்க்கரைத் தண்ணீரை அடைத்து அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பேதியோடு ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோதெரபி நடக்கிறது. ஊருக்கு அழைத்துப் போகும்போது புரோபயாடிக் கொடுக்கலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கூடாது.

கேள்வி: ஒரு குப்பியில் 5 பில்லியன் கிருமி, 1 வகை. இன்னொன்றில் 50 பில்லியன், 18 வகை. விலை இரண்டு மடங்குதான். இரண்டாவதுதானே லாபம்? (வாசகர், வேளச்சேரி)

பதில்: வெண்டைக்காய் வாங்குவதுபோல எடை போட்டு வாங்கும் சரக்கல்ல இது. உயிருள்ள கிருமிகளை வாங்குகிறீர்கள். அந்த 50 பில்லியன் எந்த நாளின் கணக்கு? பல குப்பிகளில் 'தயாரிப்பின்போது' என்று எறும்பு எழுத்தில் இருக்கும். ஆலையில் எண்ணியபோது இருந்த கூட்டம் அது. பிறகு கிடங்கு, லாரி, கதவைத் திறந்தே வைத்திருக்கும் கடை. கத்திரி வெயிலில் இத்தனையும் தாண்டி எத்தனை மிஞ்சின என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 'காலாவதி நாள் வரை இத்தனை' என்று உறுதி சொல்லும் 5 பில்லியன் எனக்குப் போதும்.

அடுத்தது பெயர். லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் என்ற கிருமி இனத்தின் பெயர் தெருப் பெயர், அதன் பின்னால் வரும் ஜி.ஜி. என்ற உட்பிரிவுதான் கதவு எண். ஆய்வுகள் நடப்பது கதவு எண்ணுக்கு. விளம்பரமோ தெரு முழுவதற்கும். இதில் 2020-இல் விஞ்ஞானிகள் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தையே பிரித்துப் புதுப் பெயர்கள் சூட்டிவிட்டார்கள். சென்னை வீடுகளைப்போல இப்போது அவற்றுக்கும் பழைய எண், புதிய எண். கதவு எண் அச்சிடாத 18 வகைக் குப்பியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். சென்ட்ரலில் வண்டி ஏறும் முன் குளிரூட்டிய புரோபயாடிக் பானம் ஐந்து குப்பி வாங்கினேன். 10 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று எழுதியிருந்தது. விஜயவாடா வருவதற்குள் ரசம் பதத்துக்கு வந்துவிட்டது. காசு கொடுத்த பாவத்துக்கு ஐந்தையும் குடித்தேன். பயணத்துக்கென்றால் பேசில்லஸ் கிளாசி (Bacillus clausii) போன்ற, தடித்த உறைக்குள் உறங்கும் ஸ்போர் வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும், ஃப்ரிட்ஜ் கேட்காது.

கேள்வி: புரோபயாடிக் இட்லி மாவு என்று விற்கிறார்கள். கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல். (வாசகி, அண்ணா நகர்)

பதில்: மாவில் உயிர் உண்டு. பத்து நிமிடம் ஆவியில் வெந்த பிறகு எங்கே இருக்கும்? ஆனாலும் புரோபயாடிக் சாக்லேட் வாங்கிய எனக்கு உங்களைத் திட்டும் யோக்கியதை இல்லை.

கேள்வி: மாமல்லபுரம் போனபோது மாத்திரைக் குப்பி கார் டேஷ்போர்டிலேயே இருந்துவிட்டது. எல்லாம் ஒட்டிக்கொண்டன. நிறுவனம் பணம் தருமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: தராது. தரவும் வேண்டியதில்லை. 25 டிகிரிக்குக் கீழே என்று குப்பியில் போட்டிருப்பதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மே மாத மதியத்தில் கண்ணாடி ஏற்றிய அந்தக் காரில் நீங்கள் பத்து நிமிடம் உட்காருவீர்களா?

கேள்வி: ஒரு ரூபாய்க்கு மாதிரிப் பொட்டலம் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். மூன்று மாதமாக மாதம் 999 ரூபாய் கணக்கிலிருந்து போகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. (வாசகி, கொரட்டூர்)

பதில்: வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் அல்லம்மா. முதலில் வங்கிச் செயலியிலோ யூபிஐ செயலியிலோ தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதை மத்திய அரசின் 2023 நெறிமுறைகள் ஏமாற்று உத்தி என்றே பட்டியலிட்டிருக்கின்றன. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விளம்பரத்தின் படம் இருந்தால் அழித்துவிடாதீர்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: தயிர் சாதம் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்கிறார் மாமியார். (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: வீட்டுத் தயிரில் எது, எத்தனை என்று கணக்குச் சொல்ல முடியாது, மருந்தென்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் பயணத்துக்கு உங்கள் மாமியார் பக்கம்தான் நான். சாதத்தைக் குழைத்து, ஆறியதும் பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். இரவு கூடூர் தாண்டிப் பிரித்தாலும் புளித்திருக்காது. மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள்.