முறுக்குக் கடைக்கு எஸ்எஸ்எம் முதலா, லைசென்ஸ் முதலா?

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்றுவந்த நீங்கள், இப்போது டவுனில் சின்னக் கடை எடுக்கப்போவதாகவும், ஓர் ஏஜெண்ட் சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, திறக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அது இப்போதைக்கு வேண்டாம். கம்பெனி பதிய அரசுக் கட்டணமே ஆயிரம் ரிங்கிட், அதோடு கம்பெனிச் செயலாளர் சம்பளம் வருடா வருடம் ஓடும். நீங்கள் ஒருவரே முதலாளியாக, தனி உரிமையாளராக எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்தால் போதும். உங்கள் மைகார்டு (அடையாள அட்டை) பெயரிலேயே நடத்தினால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்யலாம், ஏஜெண்ட் எதற்கு? வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் ஏற்கனவே விற்பதால் இதை முதலில் முடியுங்கள். வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கவும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

கவனம் வேண்டியது கடை விஷயத்தில்தான். டெப்பாசிட் கட்டுமுன் நகராண்மைக் கழகத்துக்குப் போய், அந்தக் கடை லாட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுட லைசென்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைச் சொந்தக்காரர் "எல்லாம் ஓகே" என்பார், அவருக்கு வாடகை வந்தால் சரி. பெயர்ப்பலகைக்கும் அங்கேதான் அனுமதி. மலாய் எழுத்து பெரிதாக இருக்கட்டும், தமிழைக் கீழே போடலாம்.

அப்புறம் டைஃபாய்டு ஊசியும், உணவு கையாள்வோருக்கான பயிற்சியும். உதவிக்கு வரும் அக்காவுக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.